செவலைக் குட்டியின் எடை

அவளுக்கு ஊரார் வைத்த பெயர் கறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல்தான் யாருக்கும் வரவில்லை. கட்டிய கணவரே ‘ஏம்மா’ என்றுதான் காலத்தை ஓட்டினார். செருப்பு கோணலாகக் கிடந்தால் திட்டு, சோற்றை ஆறவிட்டால் திட்டு. திட்டு வாங்க ஆள் கிடைக்காத நாளில் தகரக் கூரைக்கு விழும்.

அவர்களிடம் பதினெட்டு வெள்ளாடுகள், பதினெட்டுக் குட்டிகள். முள்ளும் புதருமாய்க் கிடந்த மேய்ச்சல் நிலம், கோடை பிறந்துவிட்டால் பதினைந்து தாய்களுக்கு மேல் தாங்காது. மூன்றை விற்றாக வேண்டும். எவற்றை என்பதற்குச் சட்டம் போட்டவளும் அவள்தான். பால் குறைந்த மூன்றும் குட்டியோடு வண்டியேற வேண்டும். செல்லம், அழகு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பாலைக் கறந்து அளக்க மாட்டார்கள். வாரத்தில் ஒருநாள் சாயங்காலமே குட்டிகளைப் பிரித்துத் தனிப் பட்டியில் அடைப்பார்கள். காலையில் ஒவ்வொன்றையும் சாக்குத் தூளியில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, தாயிடம் விட்டு, குடித்து முடித்ததும் மறுபடி நிறுப்பார்கள். கூடிய எடைதான் தாயின் பால். நடுவில் குட்டி மூத்திரம் போய்விட்டால் அளவு கெட்டுவிடும், அன்றைக்கு அந்தக் குட்டிக்கும் திட்டு நிச்சயம்.

நாலு வாரம் நிறுத்தாயிற்று. வியாபாரி வர இரண்டு நாள் இருந்தது. கணவர் நோட்டைப் புரட்டினார்.

“கருப்பி மயிரிழையில தப்பிச்சுது. போக வேண்டியது வெள்ளைக்கொம்பி, மொட்டைக்காது, அப்புறம் செவலை.”

“செவலையா? கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க!”

“துடைச்சாச்சு. நாலு வாரமும் நூறு கிராமைத் தாண்டல.” அவர் தலையைச் சொறிந்தார். “ஆனா அது குட்டி வாரத்துக்கு முக்கால் கிலோ ஏறியிருக்கு. மந்தையிலேயே பெரிய குட்டி அதுதான். தாய்கிட்ட பால் இல்லைன்னா அது என்ன, காத்தைக் குடிச்சா வளருது?”

பக்கத்தில் நின்ற மருமகள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“தராசு பழசு” என்றாள் கறார். அவர் அஞ்சு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டார். முள் அஞ்சில் போய் நின்றது. “மூக்குக் கண்ணாடிதான் கோளாறு” என்றாள். மருமகள் வந்து படித்தாள், அதே அஞ்சு. இனிமேல் குறை சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. செவலை வேலிப் பக்கம் நின்று நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கறார் சொன்னாள்.

“நான்தாங்க திறந்துவிட்டேன்.”

“எதை?”

“குட்டிப் பட்டியை. நாலு வாரமும், நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி. செவலைக் குட்டி கத்துற கத்து தாங்கலைங்க. கொஞ்சம் வாயை நனைக்கட்டுமேன்னு அதை மட்டும் விட்டேன். அது மொத்த மடியையும் காலி பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நின்னுது.”

கணவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது. “நீயா! அடிப்பாவி, நீயா!”

“போதும், போதும். பல்லு சுளுக்கிக்கப் போகுது.”

அன்று சாயங்காலம் மறுபடி பிரித்து அடைத்தார்கள். பட்டிச் சாவி மருமகளின் இடுப்புக்குப் போயிற்று. விடியலில் செவலைக் குட்டி ஊரைக் கூட்டியது. கறார் தலையோடு போர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடந்தாள். காலையில் குட்டி எட்டே கால் கிலோ; குடித்தபின் எட்டே முக்கால் தாண்டியது. மந்தையிலேயே செவலைதான் முதல். “என் ராசாத்தி!” என்று எல்லாரும் பார்க்க அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கணவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். “அப்போ மூணாவது கருப்பி.”

அவள் திரும்பினாள். கருப்பியின் குட்டி, ஒட்டிய வயிற்றோடு, வற்றிய மடியை முட்டி முட்டிச் சப்பிக்கொண்டிருந்தது. செவலைக் குட்டி கிடந்த அதே பட்டியில்தான் நாலு வாரமும் அதுவும் கிடந்தது.

“இதுவும் கத்துச்சாம்மா?” என்று மருமகளிடம் கேட்டாள்.

“எல்லாம் கத்தும் அத்தை. இதுக்குக் குரல் கொஞ்சம் சன்னம்.”

மறுநாள், பச்சையுள்ள பக்கம் வளர்ப்புக்கு ஆடு வாங்கிப் போகும் வியாபாரி வந்தான். சட்டத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளும் மாற்றவில்லை. கருப்பியை ஏற்றிய பிறகு குட்டியைத் தானே தூக்கி வண்டியில் விட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இந்தாப்பா, இது பசின்னு கத்தினா வெளியே கேக்காது. நீதான் கிட்டப் போய்ப் பாக்கணும்.”