குடிகாரன் என்ற நல்ல பெயர்

என் அண்ணன் ஒரு குடிகாரன் என்ற செய்தியை ஊரில் பரப்பியது எங்கள் வீட்டார்தான். மற்ற வீடுகளில் பிள்ளை குடித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவார்கள், அழுவார்கள், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தாய்மாமாவோ டீக்கடைக்கே போய் உட்கார்ந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "பய ஓவரா குடிக்கிறான்ங்க, என்ன பண்றதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு வருவார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லாமல் தப்பித்துவிட்ட நிம்மதி அது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா போன பிறகு நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான், எங்களை மாமா பார்த்துக்கொண்டார். ஒரு குறுவை நடவின்போதுதான் அது ஆரம்பித்தது. வயலில் மோட்டார் ஓடும்போது அதற்குள் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். அம்மா மோட்டாரைப் பார்க்க ஆள் அனுப்பினாள். வந்தவர் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். புது பேரிங்கிலும் அவர்கள் பேசினார்கள். பிறகு கரண்ட் இல்லாத நேரத்திலும் பேசினார்கள்.

அம்மா மாமாவைக் கூப்பிட்டாள். மாமா கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார்.

"இது வெளில தெரிஞ்சா அவ்வளவுதான். பைத்தியம் உள்ள குடும்பம்னு ஒரு பய வாசப்படி ஏற மாட்டான். புள்ளைக்கு வரன் பாக்குற நேரம் வேற."

அந்தப் புள்ளை நான். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எந்த அவசரமும் இல்லாமல் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவள். என்னைக் கேட்காமலே என் கல்யாணம், அண்ணன் டாக்டரிடம் போகும் வழியில் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

அண்ணன் தன் வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டான். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் மோட்டார்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தூக்கமும் வந்தது. ஆனால் காலையில் எழுந்தால் விட்டுப்போன பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள். அதனால் காலையிலும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கொஞ்ச காலத்தில் குரலுக்காகக் குடிக்கிறானா, குடிக்காகக் குடிக்கிறானா என்பது அவனுக்கே தெரியாமல் போனது.

எங்கள் வீட்டுக்கு அது பெரிய விடுதலை. தனியாகச் சிரித்தால், குடி. வரப்பில் நின்று யாருமில்லாத இடத்தோடு சண்டை போட்டால், குடி. குளிக்காமல் படுத்துக் கிடந்தால், சந்தேகமே இல்லாமல் குடி. குடிகாரன் இருக்கும் வீட்டில் பெண் எடுக்க இந்தப் பக்கம் யாரும் தயங்குவதில்லை. தயங்க ஆரம்பித்தால் கல்யாண மண்டபங்களை எல்லாம் நெல் குடோனாக மாற்ற வேண்டியதுதான்.

அம்மாவுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. குடியை விடுவதற்குக் கயிறு கட்டும் கோயில் ஒன்றுக்கு அவனை அழைத்துப் போனாள். சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டால் தொடக் கூடாது என்பது வழக்கம். கட்டிக்கொண்டவர்களில் பலர் திரும்பி வரும் வழியிலேயே மதுக்கடைப் பக்கம் ஒதுங்குவதும் வழக்கம்தான். அண்ணன் ஒதுங்கவில்லை. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சோறு இறங்காமல் சில நாள் கிடந்தான். ஆனால் தொடவில்லை. அந்தச் சாமியே இதை எதிர்பார்த்திருக்காது.

அங்கேதான் எங்கள் வீட்டுக்குச் சிக்கல் வந்தது. அண்ணன் குடிக்கவில்லை, ஆனால் பேசிக்கொண்டிருக்கிறான். முன்னைவிடச் சத்தமாகவே பேசுகிறான். இனி ஊருக்கு என்ன சொல்வது?

அந்தச் சமயம் பார்த்துத் திருவாரூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கார் தெருமுனையில் திரும்பும்போது மாமா அண்ணனைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மடியிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்தார். தனக்குத்தான் ஊற்றிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோயிலில் தீர்த்தம் தெளிப்பதைப் போல அண்ணன் சட்டையில் தெளித்தார். கயிறு கட்டியவன் கை கூப்பிக்கொண்டு நின்றான்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் மூலையில் நாற்காலியில் இருந்துகொண்டு மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா மூக்கைச் சுருக்கினார், பிறகு பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

"அண்ணன்காரரு லேசா போட்ருக்காரு போல. இருக்கட்டும்ங்க. இந்தக் காலத்துல யாருங்க போடல? எங்க மச்சான் ஒருத்தன் குளிக்கிறதே அதுலதான்."

கூடமே சிரித்தது. மாமாவின் முகம் பூரித்துவிட்டது. அப்போது அண்ணன் எழுந்து, மரியாதையாகத் தன் கையை நீட்டிக் காட்டினான்.

"நான் குடிக்கலீங்க. இந்தா பாருங்க, கயிறு கட்டிருக்கேன். மாமாதான் சட்டைல ஊத்துனாரு."

மாப்பிள்ளையின் அப்பா கயிற்றையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவனே சந்தேகத்தைத் தீர்த்து வைத்தான்.

"குடிச்சா அவங்க பேசறது அவ்வளவா கேக்காது. இப்ப விட்டுட்டேன்ல, அதான் நல்லா கேக்குது. நீங்க வந்ததுலேருந்து உங்களப் பத்தித்தான் பேசறாங்க."

பஜ்ஜி தட்டில் அப்படியே இருக்க, கார் கிளம்பிவிட்டது. குடித்த அண்ணனை மன்னித்தவர்கள் குடிக்காத அண்ணனைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள். மாமா தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு வாய் குடிச்சிருந்தா இந்த மானம் போயிருக்காதுடா" என்று கத்தினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பஜ்ஜித் தட்டை அவர் மேலேயே கவிழ்த்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் குடிச்சாத்தாண்டி எல்லாரும் நிம்மதியா இருக்கீங்க."

அவன் குற்றம் சாட்டவில்லை. பார்த்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். மாமாவிடம் சொல்லவில்லை.

மனநல டாக்டர் ஒரு அம்மாள். கேட்ட முதல் கேள்வியே, "எது மொதல்ல வந்தது? குடியா, குரலா?"

"குடி" என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

"குரல்தான் டாக்டர். இத யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல" என்றான் அண்ணன்.

கயிறு கட்டிய கதையைக் கேட்டதும் டாக்டர் எங்களைச் சத்தம் போட்டார். அவ்வளவு குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம் என்றார். "குரலை அடக்கத்தான் இவர் குடிச்சிருக்கார். அந்தக் குடியே குரலை இன்னும் கிளப்பி விட்டிருக்கு. ஒண்ணை மட்டும் நிறுத்தினா இன்னொண்ணு பிடிச்சு இழுத்துட்டு வந்துடும். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பண்ணணும்."

சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டு, குடியைப் பக்குவமாக இறக்கி, மாத்திரையை ஆரம்பித்தார்கள். நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறுபடி ஏறினான். குரல்கள் முழுவதும் போகவில்லை. தூரத்து வயலில் யாரோ பேசுவதுபோல ஆகிவிட்டது என்றான். நிலத்தைத் திரும்பவும் அவனே பார்த்தான்.

மாமா மட்டும் சும்மா இருக்கவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்த பக்கத்து வீட்டாரிடம், "பயலுக்கு சுகர்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு ஒரே அக்கறை. சுகர் மரியாதையான வியாதி ஆயிற்றே. ஒருவர் பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்பினார், இன்னொருவர் ஆவாரம்பூ கொண்டுவந்தார். அந்த மாத்திரையோ பசியைக் கிளப்புகிற மாத்திரை. இனிப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த அண்ணனின் இலையிலிருந்து விசேஷத்துக்கு விசேஷம் லட்டைக் கவனமாக எடுத்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம் மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். குத்தாலத்தில் மண்டபம். அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் மாமாவின் புதுச் சம்பந்தி. மாமா பந்தி விசாரித்துக்கொண்டு வந்தவர், பாயச வாளி எங்களை நெருங்கியதும் ஓடிவந்து அண்ணன் இலைக்கு மேலே கையை விரித்தார்.

"இவனுக்கு வேணாம், சுகர்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு சுகர்லாம் இல்லைங்க. கொரல் கேக்கும். அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேன். குடிய விட்டுட்டேன்."

பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். எதிர் வரிசையில் சம்பந்தி சோறு பிசைவதை நிறுத்தினார். மாமா குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியேடா. இனிமே உனக்கு எவன்டா பொண்ணு கொடுப்பான்?" என்றார்.

"பொண்ண அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கைய எடுங்க மாமா, பாயசம் ஊத்தட்டும்."