முழங்கால் உயரத் தக்காளி

பங்குனி மாதம். சன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி கிடக்கிறது. உள்ளே, வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில், தயிர்க் கோப்பைகளில் மண் நிரப்பித் தக்காளி விதை போட்டிருக்கிறோம். நோர்வேயின் வடகரையில் உள்ள இந்தச் சிறு பட்டினத்தில் வேறு எல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் எனக்கு இன்னும் விசித்திரமாகவே இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்தால், நாற்காலியில் இருக்கும் கோப்பைகளை நகர்த்திய பிறகுதான் அவர்களை இருக்கச் சொல்லலாம்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் தக்காளிக்கு யாரும் இவ்வளவு செல்லம் கொடுத்ததில்லை. என் கணவர் சிவநேசன் அங்கே தோட்டம் செய்தவர். அவரும் அவருடைய அண்ணையும் புரட்டாதியில் நாற்றுமேடை போடுவார்கள். மாரி மழை ஓயும்போது கன்றுகள் வேர்பிடித்து நிற்கும். மாசியில் கடகம் கடகமாகப் பழம் இறங்கும். கலியாணமான புதிதில் நான் தோட்டத்துக்குப் போனால், ஒரு பழத்தைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக் கையில் தந்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார்.

இங்கே அவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. வந்த முதற்கோடையில், அண்ணை அனுப்பிய விதையைத்தான் போட்டார். கன்றுகள் திரைச்சீலைக் கம்பி வரை ஏறியதால் வெளியே எடுத்து வைத்தார். பூக்கவே ஆவணியாகிவிட்டது. பட்டாணி அளவில் சில காய்கள் வந்த நேரம் உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் எல்லாம் கறுத்துத் தொங்கின. "இந்த ஊரிலை என்ரை கைக்கு ஒண்டும் வராது" என்று சொல்லி மண்ணைப் பின்வளவில் கொட்டினார். அதற்குப் பிறகு, அண்ணை தொலைபேசியில் தோட்டத்தைப் பற்றித் தொடங்கினால் போனை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். செத்த கன்றுகளைவிட அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு இங்கெர் தனியாக இருக்கும் பெண். எங்கள் தோல்வியைத் தன் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறார் போலும். அடுத்த பனிக்காலம் முடியுமுன் ஒரு விதைப் பையோடு வந்தார். "புஸ்க்தொமாத்" என்று சொல்லி, கையைத் தன் முழங்காலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். குட்டை இனம். உயர்வதில் காலத்தைக் கழிக்காமல் சீக்கிரம் பூத்துவிடும். கோடை குறுகிய ஊருக்கு ஏற்றது. நான்தான் விதைத்தேன். என் கணவர் தூர இருந்து பார்த்தார். முளைகள் வெளிச்சத்தைத் தேடிச் சாயத் தொடங்கியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"உப்பிடி விட்டால் நெடுத்துப் போம். சன்னலுக்குக் கிட்ட வையும்" என்றார். அன்றிலிருந்து கன்றுகள் அவருடையவை.

வைகாசியில் வீட்டுக்குள்ளேயே பூத்தன. ஆனால் பிஞ்சு பிடிக்கவில்லை, பூக்கள் உதிர்ந்தன. என் அரைகுறை நோர்வே மொழியில் இங்கெரிடம் முறையிட்டேன். மறுநாள் அவர் மின்சாரப் பல்துலக்கி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நான் என் பற்களைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் சிரித்தபடி உள்ளே வந்து, அதை முடுக்கிப் பூங்காம்பில் தொட்டார். மஞ்சள் தூள் பறந்தது. "உது தேனீ செய்யிற வேலையல்லோ" என்றார் இவர். பிறகு ஒவ்வொரு காலையும் வாயால் ரீங்காரமிட்டுக்கொண்டே அதைச் செய்தார்.

ஆனியில் கன்றுகளைக் குளிருக்குப் பழக்கவேண்டும் என்று பகலில் வெளியே வைத்தோம். ஒருநாள் இருவரும் வேலையில் இருந்தபோது வானம் இருண்டு பனி கொட்டத் தொடங்கியது. இவர் மேற்பார்வையாளரிடம் ஓடியிருக்கிறார். கன்றுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிற்று. "டி ஸ்மோ வெளியில், பனிக்குள்" என்றிருக்கிறார். டி ஸ்மோ என்றால் சின்னவர்கள். அந்த மனிதர் வெளிறிப்போய், தன் காரிலேயே இவரை ஏற்றிக்கொண்டு பறந்து வந்தார். நானும் அப்போதுதான் வந்து சேர்ந்தேன். வாசலில் ஒரு சட்டியும் இல்லை.

இங்கெர் கதவைத் திறந்து கையசைத்தார். அவருடைய சோபாவில் எங்கள் கன்றுகள் வரிசையாக, கம்பளித் துண்டு போர்த்திக்கொண்டு இருந்தன.

"பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"இவைதான்" என்று இவர் கன்றுகளைக் காட்டினார். அந்தப் பெரிய மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இங்கெர் எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார்.

ஆவணியில் பழங்கள் கொத்தாகச் சிவந்தன. முதற்கிண்ணம் மேற்பார்வையாளருக்குப் போனது, இரண்டாவது இங்கெருக்கு. எங்கள் பங்கில் நான் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். இவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

உறைபனி வருமென்று வானொலி சொன்ன அன்று, மிஞ்சிய காய்களைப் பிடுங்கிவிட்டு இவரே அண்ணையை வீடியோவில் அழைத்தார்.

"எங்கடை ஊரிலை புரட்டாதியோடை தக்காளி முடிஞ்சுது, அண்ணை. இனிப் பங்குனியிலைதான் விதை போடோணும்."

"என்ன தம்பி கதைக்கிறாய்? எங்கடை ஊரிலை இப்பத்தானே மேடை போடுறம்."

இருவரும் சற்றுத் திகைத்து, பிறகு சேர்ந்து சிரித்தார்கள். அண்ணை போனைத் திருப்பித் தான் கொத்திய மண்ணைக் காட்டினார். எங்கள் போனின் கண்ணாடித் திரையில், அந்த மண்ணின் மேல், எங்கள் சன்னலுக்கு வெளியே வெளுத்துக் கிடந்த மலையும் மங்கலாக விழுந்திருந்தது. இவர் உற்றுப் பார்த்துவிட்டு, "மேடையை இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ அண்ணை, மழை வரப்போகுது" என்றார்.