ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

இது நடந்தது. இருட்டில் அல்ல, பட்டப்பகலில். மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கி இரண்டு நாற்பதுக்குள் முடிந்துபோனது. கேட்டவர்களில் பாதிப்பேர், "பாவம், பெத்த மனசு, எதையோ பார்த்திருக்கு" என்றார்கள். மீதிப்பேர் அந்தப் பட்டறைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவர். முப்பது வருஷத் தொழில், ஊருக்கெல்லாம் ஒயர்காரர். ஒரே மகள் வேலைக்குப் போய்வர ஒரு பைக் வாங்கினாள். இரண்டு ஃபாக் லைட்டு, கனத்த ஹாரன், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அவரே மாட்டிக்கொடுத்தார்.

"ஏம்பா, இது பைக்கா, கல்யாண மண்டபமா?"

"பேசாம ஓட்டு, கழுதை. லாரிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியணும்."

பதினேழாவது நாள், சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு, இடதுபக்கம் திரும்பும் ஒரு வளைவில், பின்னால் வந்த லாரி அவளை அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

டிரைவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சார், வண்டி நடுரோட்டுல அப்படியே செத்து நின்னுச்சு. ஒரு லைட்டுகூட எரியல. எனக்குத் தெரியவே இல்ல." காவல் நிலையம் என்றும் பார்க்காமல் ஒயர்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். "என் கைபட்ட வண்டிடா அது. லைட்டு போகாது." டிரைவர் உள்ளே போனார்.

மூன்று மாதம் கழித்துப் போலீஸார் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அவர் இல்லாத நேரத்தில் வேனில் கொண்டுவந்து, பட்டறைக்குள் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வழக்கில் மறுநாள் அவர் சாட்சி சொல்ல வேண்டும்.

மனைவி சோற்றுத் தட்டை மூடிவைத்தபடி கேட்டாள். "ஏங்க, அந்த டிரைவர் சொன்னது ஒருவேளை நெசமா இருந்தா?"

"நீயுமா?"

"அவனுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்குங்க. ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

இவள் வாயை அடைக்கவாவது பார்ப்போம் என்று பட்டறைக்குப் போனார். மணி 2:10.

மெயின் ஃப்யூஸ் எரிந்திருந்தது. அது லாரி மோதியதிலும் எரிந்திருக்கலாம். வேறு பேட்டரி மாட்டினார். ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கோத்தார். விளக்கு, ஹாரன், சார்ஜர் எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றிவிட்டார். இனி ஒயர் எங்காவது தோலுரிந்து இரும்பைத் தொட்டால் பல்பு பளிச்சென்று எரியும். தொடாவிட்டால் எரியாது. அந்தப் பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சாவியைத் திருப்பினார். எரியவில்லை. சீட்டுக்கு அடியில், டேங்குக்கு அடியில், ஒயரை இழுத்தும் ஆட்டியும் பார்த்தார்.

எரியவில்லை.

ஹேண்டிலை மட்டும் அவர் தொடவில்லை. வலது கைப்பிடியில் அவள் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. அங்கே மட்டும் கை போகவில்லை.

2:31. பல்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் தப்பு இல்லம்மா," என்றார், யாரிடமோ. "என் தப்பு இல்ல."

அப்போது... கிறீச்.

பல்பு எரிந்தது.

நிமிர்ந்து பார்த்தார். ஹேண்டில் இடதுபக்கம் திரும்பியிருந்தது.

காற்று இல்லை. கதவு சாத்தியிருந்தது. வண்டி ஸ்டாண்டில் அசையாமல் நின்றது.

கிறீச்... ஹேண்டில் நேரானது. பல்பு அணைந்தது.

மறுபடியும் இடதுபக்கம். மெதுவாக.

எரிந்தது.

அந்த நிதானத்தை அவருக்குத் தெரியும். லீவு நாளில் பட்டறைக்கு வந்தால், அவர் பல்பைப் பார்க்க, ஹேண்டிலைத் திருப்புவது அவள் வேலை. மூன்று எண்ணும்வரை பிடித்திருந்துவிட்டு விடுவாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

கிறீச்.

"பாப்பா?"

ஹேண்டில் மட்டும் இன்னொரு முறை திரும்பியது.

"போதும்மா," என்றார். "தெரிஞ்சுபோச்சு."

நேரானது. அணைந்தது.

2:38.

விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால், வண்டியின் கழுத்தருகே விரலை விட்டுத் தடவினார். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, ஹேண்டில் திரும்ப இடம் விடாமல், ஒயரை அவரே இறுக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அது இரும்பில் தேய்ந்திருக்கிறது. செப்புக் கம்பி விரலில் குத்தியது.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறி, "டிரைவர் சொன்னது நெசம். தப்பு என்னுது," என்றார். வண்டியை மறுபடி சோதிக்க உத்தரவானது. விபத்து நடந்தபோது சோதித்த அதே வாகன ஆய்வாளர், ஒரு போலீஸ்காரரோடு பட்டறைக்கு வந்தார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"லெஃப்ட்ல திரும்பினா பல்பு எரியுதுங்க."

ஆய்வாளர் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பினார். வரவில்லை. சக்கரத்துக்குக் காலை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். போலீஸ்காரரும் சேர்ந்து பிடித்தார். இருவருக்கும் வேர்த்ததுதான் மிச்சம்.

ஆய்வாளர் தன் பழைய அறிக்கையைப் புரட்டிக் காட்டினார். விபத்துக்கு மறுநாள் தேதி.

"இதோ எழுதியிருக்கேன் பாருங்க. மோதினதுல கழுத்து நசுங்கி, ஹேண்டில் நேரா இறுகிப்போச்சு. திருப்பிப் பார்க்க முடியாமத்தான் அன்னிக்கு எனக்கே இந்த ஒயர் சிக்கல." அறிக்கையை மூடினார். "ரெண்டு ஆம்பளைங்களால அசைக்க முடியல. தனி ஆளா நீங்க எப்படித் திருப்புனீங்க?"

ஒயர்காரர் வண்டியைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் திருப்பலைங்க."