எட்டாவது இன்னிங்ஸின் தூசி

ஹோராவில் என்கிற எங்கள் ஊரில் ஆல்பினா ஹ்ருஸ்காவிடம் சண்டை போடாதவர்கள் இரண்டே வகை: பேஸ்பால் ஆடாதவர்கள், கல்லறைக்குப் போய்விட்டவர்கள். இரண்டாவது வகையிலும் சிலர் போகிற நாள் வரை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவள் அவள். மட்டைக்காரன் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஃப்ளாஸ்கில் காபி, கசகசா வைத்த கொலாச் ரொட்டி நாலு, கறுப்புப் பென்சில் ஒன்று, சிவப்புப் பென்சில் ஒன்று. நடந்ததைக் கறுப்பில் எழுதுவாள். நடந்திருக்க வேண்டியதைச் சிவப்பில் எழுதுவாள். சண்டையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வருவதுதான்.

விஷயம் இதுதான். எதிரணிக்காரன் ஒருவன் மூலைக்கொன்றாக இருக்கிற மூன்று பேஸையும் சுற்றி, வீடு என்கிற ஹோம் பிளேட்டுக்கு வந்து ஒரு ரன் எடுத்துவிட்டால், அது யார் தலையில் விடிய வேண்டும் என்று ஒருத்தர் சொல்லியாக வேண்டும். பிட்சர் வீசிய பந்தை அடித்து வந்ததென்றால் அது சம்பாதித்த ரன், பிட்சர் தலையில். கூட நிற்கிறவன் யாராவது கைக்கு வந்த பந்தைச் சொதப்பியதால் வந்ததென்றால் அது ஓசி ரன், பிட்சர் தப்பித்தான். எது எதுவென்று கண்டுபிடிக்க, ஆல்பினா அந்த இன்னிங்ஸை மனதுக்குள் மறுபடி ஆடவைப்பாள். சொதப்பினவன் சொதப்பாத மாதிரி. அப்போதும் அந்த ரன் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் பிட்சர் தப்ப முடியாது.

இந்தப் பழக்கம் மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு ஈஸ்டருக்கு மாதாகோயில் விருந்தில் வாத்துக் கறி கருகிவிட்டது. "வாத்தைப் பாத்துக்கிட்டிருந்த மில்லி ஃபோனை எடுக்கப் போகாம இருந்திருந்தா வாத்து நல்லா வெந்திருக்கும். ஆனா அந்த மாவு உருண்டை எப்படியும் கல்லு மாதிரிதான் இருந்திருக்கும். அது உருட்டினவ தலையில" என்று எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னாள். உருண்டை உருட்டினவள் அவளுடைய சொந்த நாத்தனார்.

வார நாட்களில் ஆல்பினாவுக்குத் தானியக் கிடங்கில் வேலை. சோள லாரிகளை எடை மேடையில் ஏற்றி எடை எழுதுவாள். ஓட்டுகிறவர் இறங்கி நின்றால்தான் எழுதுவாள். தன் மாமனாரையே, மழையில், இறக்கிவிட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டவன்தான் லூமிர். எங்கள் அணியின் கேட்சர், அதாவது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிட்சர் வீசுகிற பந்தைப் பிடிக்கிறவன். வயது நாற்பத்து மூன்று. குந்தி உட்காருகிற வயதா இது என்று ஊரே கேட்டது. அவன் மட்டும் கேட்கவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சீசனின் கடைசி ஆட்டம். இதோடு கையுறையைக் கழற்றி மாட்டுகிறேன் என்று லூமிர் சொல்லியிருந்தான். அந்த சீசன் முழுக்க அவன் கோட்டைவிட்ட பந்து ஒன்றுகூட இல்லை. பிடித்திருக்க வேண்டிய பந்தை கேட்சர் விட்டால் அதற்குப் பெயர் கோட்டைவிட்ட பந்து. பிடிக்கவே முடியாதபடி பிட்சர் தாறுமாறாக வீசியிருந்தால் அது தறிகெட்ட பந்து. லூமிர் பெயருக்கு எதிரே ஆல்பினா அந்தக் கட்டத்தில் பதினேழு ஆட்டமாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்தாள். லீக்கில் அதுவரை எவனும் ஒரு சீசனைப் பூஜ்யத்தோடு முடித்ததில்லை. லூமிருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. இந்த ஒன்றின்மேல் மட்டும் உயிரையே வைத்திருந்தான்.

பிட்சர் டேரல் வோந்த்ராவுக்கு வேறொரு ஆசை. கஸ்பரின் பீர் கடையில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. ஒரு சீசனில் சம்பாதித்த ரன்னை மிகக் குறைவாகக் கொடுத்த பிட்சர்களின் பெயர்கள் அதில் செதுக்கியிருக்கும். நாற்பது வருஷத்தில் மூன்றே பெயர். அன்றைக்கு ஒன்றுக்குமேல் கொடுக்காமல் இருந்தால் டேரல் நாலாவது.

அந்த ஒன்று மூன்றாவது இன்னிங்ஸிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் டேரல் ஒருத்தனையும் அண்டவிடவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். அடுத்தவன் ஒரு அடி அடித்து மூன்றாம் பேஸ் வரைக்கும் ஓடிவிட்டான். அதற்கடுத்தவனுக்கு டேரல் ஒரு பந்து தாழ்வாக வீசினான். குபுக்கென்று தூசி கிளம்பியது. பந்து லூமிரின் கையுறைக்கு அடியில் புகுந்து கம்பி வலையில் போய் மோதியது. மூன்றாம் பேஸில் நின்றவன் வீடு வந்து சேர்ந்தான்.

மைதானம் மொத்தமும் திரும்பி மரக்கூண்டைப் பார்த்தது. பந்து தரையில் குத்திவிட்டு வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, தறிகெட்ட பந்து. பிழை டேரலுடையது, லூமிர் தப்பித்தான். தூசி கிளம்பியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆல்பினாவும் பார்த்தாள். ஆனால் அந்தத் தூசி எங்கிருந்து கிளம்பியது என்பதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். லூமிரின் இடது முழங்கால் ஒரு நொடி தாமதமாகத் தரையில் விழுந்தது. தூசி அந்த முழங்காலுடையது. பந்து தரையைத் தொடவே இல்லை.

கோட்டைவிட்ட பந்து என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். ஆல்பினா கம்பி வலையில் உள்ளங்கையை வைத்தாள். லூமிர் முகமூடியைத் தூக்கிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கையை எடுக்கவில்லை.

"பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்டா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். டேரல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவனுக்கு அது ஓசி ரன், பலகை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்.

மறு பந்தை அந்த மட்டைக்காரன் நடு மைதானத்துக்கு அடித்துவிட்டு முதல் பேஸில் போய் நின்றான்.

ஆல்பினா சிவப்புப் பென்சிலை எடுத்தாள். லூமிர் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஓடினவன் மூன்றாம் பேஸிலேயே நின்றிருப்பான். நின்றிருந்தாலும் இந்த அடிக்கு நடந்தே வீடு வந்திருப்பான். ஆக, அந்த ரன் எப்படியும் வந்திருக்கும். சம்பாதித்த ரன். டேரல் தலையில்.

ஆட்டம் முடிந்தது, நாங்கள்தான் ஜெயித்தோம், ஆனால் அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. அணியின் மேலாளரும் பீர் கடை முதலாளியுமான கஸ்பர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மரக்கூண்டுக்கு ஓடிவந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"யம்மா ஆல்பினா, கோட்டைவிட்டது லூமிர்னு சொன்னே. சரி. இப்ப ரன் டேரல் தலையிலேங்கறே. வந்தது ஒரே ஒரு ரன், அதுக்கு ரெண்டு பேர் தலையா?"

"பந்தை விட்டது அவன். ரன்னைக் கொடுத்தது இவன். ரெண்டும் வேற வேற, கஸ்பர்."

"ரெண்டு பேரையும் ஒரே பந்துல கவுத்துட்டியே! எதிரணிக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

அப்போது டேரல் வந்தான். "அண்ணி, என் பலகை போனது போனதுதான். நீங்க என்ன எழுதினாலும் அது திரும்பி வராது. அண்ணனுக்காவது அந்தப் பூஜ்யம் இருக்கட்டுமே. நான் தரையில குத்திட்டேன்னு எழுதிக்கோங்க. நானே சொல்றேன், அப்புறம் யார் கேக்கப்போறா?"

அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. லீக் விதிப்படி ஒரு நாளுக்குள் தீர்ப்பை மாற்றலாம். மறுநாள் ஐந்து மணிக்குத் தபாலாபீஸ் மூடுவதற்குள் தாளை அனுப்பினால் போதும். மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒருத்தனுக்கு ஆயுசுக்கும் சந்தோஷம். அதுவும் அவள் புருஷன்.

லூமிர் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான். "பந்து தரையில பட்ட மாதிரிதான் இருந்துது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அதற்கப்புறம் பாத்திரம் கழுவினான். வசந்த காலத்திலிருந்து சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த வலைக் கதவைச் சரிசெய்தான். காலையில் அவள் எழுவதற்குள் கோழிகளுக்குத் தீனி போட்டு, காபி வேறு போட்டு வைத்திருந்தான். காபி வாயில் வைக்க வழியில்லை. ஆனாலும் ஆல்பினா குடித்தாள். இந்தப் பூஜ்யத்தை இன்னும் பத்து நாள் இழுத்தடித்தால் கூரைகூட மாற்றிவிடுவான் போலிருக்கிறதே என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. பந்து தரையில் பட்டதென்று அவன் உண்மையாகவே நம்புகிறானா, அல்லது தெரிந்தே தன்னிடம் சொல்கிறானா? இருபது வருஷத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. ஒரு பூஜ்யத்துக்காக அது போய்விடக்கூடாதே என்றிருந்தது.

திங்கட்கிழமை கிடங்கில் லாரிக்காரர்கள் ஒவ்வொருத்தரும் இறங்கி நிற்கும்போது சிபாரிசையும் இறக்கி வைத்தார்கள். "தூசியை நான் கண்ணால பாத்தேன் ஆல்பினா!" என்றார் ஒருவர். அவர் ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே இல்லை.

நாலரை மணிக்கு லூமிர் கிடங்கு வாசலில் வந்து நின்றான், தலை வாரிக்கொண்டு. இருவரும் தபாலாபீஸை நோக்கி நடந்தார்கள். தாள் இன்னும் ஒட்டாத உறைக்குள் இருந்தது, பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் அவள் சட்டைப் பையில் இருந்தது. தபாலாபீஸுக்கு மூன்று படி. லூமிர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் வலது காலை வைத்தான், இடது காலைத் தூக்கிவைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"முட்டி வலிக்குதா?" என்றாள்.

"நேத்து எட்டாவது இன்னிங்ஸ்லேர்ந்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்தது. தெருவில் போன டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"தூசி என் முட்டியோடதுதான்" என்றான் லூமிர் கடைசியில். "சட்டுன்னு மடங்க மாட்டேன்னுடுச்சு. பந்து நேரா, நல்லா வந்துது. என் பாட்டி எந்திரிச்சு வந்திருந்தாகூடப் பிடிச்சிருப்பா."

"அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா நேத்துலேர்ந்து என்னைப் பாத்திரம் கழுவ விட்டே?"

"கழுவினது நல்லா இருந்துது. அதைக் கெடுப்பானேன்?"

அவன் முதலில் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். ஆல்பினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நேற்றிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஒரு வாய் வார்த்தைக்குத்தான். பூஜ்யத்தைவிட இது அவளுக்குப் பெரிது, அதை அவனிடமே சொன்னாள்.

லூமிர் கையை நீட்டினான். "உறையைக் குடு. நானே ஒட்டறேன்." நாக்கால் ஈரம் தடவி, முழங்கால்மேல் வைத்து அழுத்தி ஒட்டினான். இடது முழங்கால்மேல், கவனமாக. "எத்தனைன்னு எழுதியிருக்கே?"

"ஒண்ணு."

"ஒரு வருஷம் முழுக்க ஒண்ணே ஒண்ணு" என்றான். "போ, சீக்கிரம் போட்டுட்டு வா. என்னை எந்திரிக்க வைக்க ஒரு ஆள் வேணும்."