ராசிபலன் பெட்டிக்குள் வடகாற்று

நாகேஸ்வரி அக்கா காலமான செய்தியை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் அந்த வாரத்து ராசிபலனில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, அம்மா விடியக்காலமை போயிட்டா. உங்கட பேப்பரில போடவேணும்," என்றான். எத்தனை வரி என்று கேட்டேன். பழக்கதோஷம்.

அக்காவை உங்களில் பலர் அவர் நம் பத்திரிகையில் எழுதிய கிரேக்கக் கதைகளால் அறிவீர்கள். கிரேக்கர் குடியேறிய டான்போர்த்தில் ஒரு கிழவியைப் பராமரிப்பது அவருடைய வேலை. இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். கிழவி சொன்ன கதையை தான் குடியிருந்த மல்வேர்னுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே எழுதிவிடுவார். நட்சத்திரங்களின் தகப்பன் அஸ்ட்ரேயஸ், வைகறைத் தேவி ஈயோஸ். இவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் வெள்ளிகள் என்று நாங்கள் சொல்லும் வானத்து நட்சத்திரங்களும் திசைக்காற்றுகளும். "தேப்பனுக்கு இரவு வேலை, தாய்க்கு விடிய வேலை. பேந்து பிள்ளையள் காத்தாய்ப் பறக்காமல் என்ன செய்யும்?" என்பார்.

ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் 'இது கிரேக்கரின் பழங்கதை' என்று எழுதி அடிக்கோடிட்டிருப்பார். இது தேவையா என்று ஒருமுறை கேட்டேன். "எங்கட சனத்தை உமக்குத் தெரியாது, தம்பி. வெள்ளி எண்டு கண்டால் உடன பஞ்சாங்கத்தை எடுக்குதுகள்," என்றார். நான் சிரித்தேன்.

ஒரு தை மாதம், தொலைநகலில் வரவேண்டிய ராசிபலன் வரவில்லை. அச்சகத்தார் அவசரப்படுத்தினார்கள். வடகாற்றுத் தேவன் பொரியாஸைப் பற்றிய அக்காவின் கட்டுரையைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள் போட்டேன். 'இவ்வார நட்சத்திர பலன்' என்ற தலைப்பு மாறாமல் மேலே நின்றது. இடம் போதவில்லை என்று முதல் வரியை வெட்டினேன். மிஞ்சியது இதுதான்: வடக்கிலிருந்து வந்த பொரியாஸுக்குப் பெண் கொடுக்கத் தகப்பன் பின்னடித்தான், பொரியாஸ் பொறுமையிழந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். பொரியாஸ் எந்தக் கிரகம் என்று ஒரு வாசகர் கேட்டார். அதற்கும் நான் சிரித்தேன்.

அடுத்து வந்த அழைப்பு மல்வேர்னிலிருந்து ஒரு தாய். மகளுக்கு நகரத்துக்கு வடக்கே றிச்மண்ட் ஹில்லில் மாப்பிள்ளை, மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. "வடக்கால வாற சம்பந்தம் ஆகாதெண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்? நான் நிப்பாட்டப் போறன். பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடக்கிறாள்," என்றார். நான் என்ன செய்தேன்? "எழுதினவவைக் கேளுங்கோ," என்று அக்காவின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு ரிசீவரை வைத்தேன்.

அக்கா தொலைபேசியில் பேசவில்லை. கொட்டுகிற பனிக்குள் அந்த வீட்டுக்கே நடந்து போனார். திங்கட்கிழமை வெக்ஸ்போர்டிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "கலியாணம் நடக்கும். நல்ல தேத்தண்ணி தந்தவ," என்றார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கட்டுரையை மேசையில் வைத்தார். "இது தென்காத்து. முதல் வரியை வெட்டிப்போடாதையும்."

அந்த வாரமும் திருத்தம் போடவில்லை, பிறகும் போடவில்லை. பத்திரிகையின் பெயர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட நியாயம்.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. "இந்த அன்ரியாலதான் என்ர கலியாணம் நிக்கப் பாத்தது, அங்கிள். கதை எண்டு போட மறந்துபோனாவாம். தன்ர பிழை எண்டு அம்மாவிட்ட வந்து மன்னிப்புக் கேட்டவ. அந்தக் குளிருக்க, ஒரு பிழையை ஒத்துக்கொள்ள ஆர் வருவினம்?"

ஓம், ஆர் வருவினம் என்று தலையாட்டினேன்.

அந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. அக்காவின் பொருளென்று என்னிடம் உள்ளது அது ஒன்றுதான். முதல் வரியின் மேல் என் சிவப்புக் கோடு ஓடுகிறது. அதன் கீழே எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இது கிரேக்கரின் பழங்கதை. அக்கா மறக்கவில்லை, தங்கச்சி. வெட்டியவன் நான்.