எக்கோவைக் கொன்ற மயில்துத்தம்

சுலோசனா மேடம் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஆஸிலோஸ்கோப் திரையில் எக்கோ இல்லை. எக்கோ இல்லாவிட்டால் மேடம் மிஷினை எடுக்கமாட்டார், முதலாளி காதர் பாய் பழையபடி ஸ்டெபிலைசர் செய்யப் போய்விடுவார், ஸ்டெபிலைசருக்கு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் தேவையில்லை. அதாவது, நான் தேவையில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாயின் பட்டறையில் காயில் சுற்றுவோம். யார் எதைக் கேட்டாலும் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொள்வது பாய்க்கு ஒரு வியாதி. மேடம் தம் கல்லூரி லேபுக்காக ஸ்பின் எக்கோ கருவி கேட்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் பாய் அது என்னவென்று விசாரித்தார். அதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார். எனக்கும் தெரியாது என்பதை இன்டர்வியூவில் நான் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு படித்துவிட்டு, எஸ்டேட் பாஷையில் அவருக்கு விளக்கினேன். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தத்துக்குள் பம்பரம் மாதிரி. ரேடியோ அலையில் ஒரு பல்ஸ் கொடுத்தால் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடும். அதுதான் கோஹிரன்ஸ், ஷிப்டு சங்கு ஊதியதும் பாக்டரி கேட்டிலிருந்து சைக்கிள்கள் ஒரே கும்பலாகக் கிளம்புவதுபோல. காந்தத்தின் பலம் இடத்துக்கு இடம் சற்று மாறுவதால் ஆளுக்கொரு வேகம். கும்பல் சிதறும், சிக்னல் செத்துவிடும். ஆனால் ஒழுங்கு தொலைந்துவிடவில்லை. இரண்டாவது பல்ஸ் எல்லாச் சைக்கிளையும் திருப்பிவிடும். வேகமாகப் போனவன் தூரத்திலிருந்து அதே வேகத்தில் வருவான், மெதுவாகப் போனவன் பக்கத்திலிருந்து மெதுவாக வருவான். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டில். செத்த சிக்னல் எழுந்து உட்காரும். அதுதான் எக்கோ. போவதற்கும் வருவதற்கும் இயற்கை விதி ஒன்றே என்கிற சமச்சீரின் தயவு.

பாய் பொறுமையாகக் கேட்டார். "அல்லாம் சரி தம்பி. வழில டீக்கட கீதே. அங்க குந்திகினு கத பேசறவன்?"

"அவன் நேரத்துக்கு வரமாட்டான் பாய்."

"அப்ப நம்ம ஆளுங்க ஒருத்தனும் வரமாட்டான்."

முந்தின நாள் சாயங்காலம் எக்கோ இருந்தது. பல்ஸைப் பார்த்தேன், காந்தத்தைப் பார்த்தேன், இரண்டு வயரைப் பிடுங்கித் திரும்ப அங்கேயே சொருகினேன். கடைசியில்தான் சாம்பிள் குழாயை வெளியே எடுத்தேன். உள்ளே தண்ணீர் நீலமணி மாதிரி மின்னியது. அணுக்கருக்கள் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்து அடுத்த பல்ஸுக்குத் தயாராக, தண்ணீரில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம். இது சிட்டிகை இல்லை.

"பாய், இதுல யார் கை வெச்சது?"

"நான்தான். மேடம் அம்மாந்தூரத்துலேர்ந்து வராங்க, பாத்தா பச்சத்தண்ணி. கண்ணுக்கு ஒரு பார்வையா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"வழியெல்லாம் டீக்கடை தொறந்து வெச்சிட்டீங்க பாய்."

அவருக்கு உடனே புரிந்தது. மயில்துத்தத்தின் செம்பு அயனி ஒவ்வொன்றும் ஒரு பெஞ்சு போட்டுக் கருக்களைக் கதைக்கு இழுத்திருந்தது. அப்படியானால் கலரை மட்டும் திரும்ப எடுத்துவிடு என்றார். அதுவும் திரும்பி வராத ஜாதி என்றேன். புதுத் தண்ணீர், ஒரு சிட்டிகை. படியில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டபோது ஸ்கோப்பில் எக்கோ எழுந்தது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மேடம் இரண்டாவது பல்ஸைத் தள்ளிவைத்துப் பார்த்தார், எக்கோவும் தள்ளிப்போனது. திருப்தி. பாய் உற்சாகத்தில் என் சைக்கிள் கதையையும் டீக்கடையோடு சேர்த்துத் தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டார். மேடம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "டீக்கடைல நின்னவனையும் திருப்பலாம் பாய். ஆனா கடைக்காரர், கூடப் பேசினவங்க, அவங்க யார்கிட்ட போய்ச் சொன்னாங்களோ அவங்க, எல்லாரையும் சேர்த்துத் திருப்பணும். விதி தடுக்கல. நம்மாலதான் முடியாது."

"அதுக்கு எம்மாம் பெரிய மிஷினு வோணும்மா?"

"உலகம் அளவுக்கு."

பாய் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "எஸ்டேட்ல அவ்ளோ எடம் தரமாட்டாங்கம்மா."

நான் அறிய அவர் ஒப்புக்கொள்ளாத ஒரே ஆர்டர் அதுதான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது: சிதறியதெல்லாம் தொலைந்ததாகாது, பதறாதீர்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சரக்கைச் செய்கிறவர்கள், பார்க்க வருகிறவருக்காக அதில் சாயம் கலக்கக் கூடாது. அந்த நீலக் குழாயைப் பாய் தன் மேஜைமேல் நிறுத்திவைத்தார். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்து மலைத்தார்கள். எக்கோவைக் காட்டச் சொல்லி ஒருவர்கூடக் கேட்டதில்லை.