திருநீர்மலைப் படியில் பத்து கிலோ பொன்னி

என் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். சாம்பாரா வத்தக்குழம்பா என்று கேட்டாலும் அதுதான், மகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டதற்கும் அதுதான். ஆகவே, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து என்று மூன்று மாதம் தனியாகச் சுற்றிவரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டிவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அவருடைய "உன் இஷ்டம்" சில சமயம் சம்மதம். சில சமயம், எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஆயுசு முழுக்க உன் வாயில் விழ நான் தயாரில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே குரலில்தான் வரும். இது எது என்று தெரியாமல் டிக்கெட் போட எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் போகாமலும் இருந்திருப்பேன். என் வீரம் அவ்வளவுதான்.

பணம் இருந்தது. அது மாடிப் பணம். பம்மலில் வீடு கட்டிய எல்லோரையும் போல நாங்களும் பின்னால் மாடி எடுக்கலாம் என்று மேலே கம்பி விட்டு வைத்திருந்தோம். ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவதற்காக, நான் ஸ்கூல் ஆபீசில் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. மகள் வேலை கிடைத்து பெங்களூர் போனபின் கீழேயே இரண்டு ரூம் சும்மா கிடந்தது. இதில் மாடி எதற்கு என்று தோன்றிவிட்டது. கோடை விடுமுறையோடு சேர்த்துச் சம்பளமில்லாத லீவும் கேட்டு வாங்கிவிட்டேன். மேஸ்திரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கம்பி விலை ஏறுகிறது, சிமெண்ட் விலை ஏறுகிறது என்று வாரத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று எச்சரித்துவிட்டுப் போவார்.

தாம்பரம் மார்க்கெட்டில் பெரிய முதுகுப்பை கேட்டேன். "பையன் எந்த கிளாஸ்மா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். என் நரைத்த வகிட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, பேரம் பேசாமலே நூறு ரூபாய் குறைத்தார்.

பத்து கிலோ சுமையோடு நடந்து பழக வேண்டும் என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். வீட்டில் பத்து கிலோவுக்கு இருந்தது பொன்னி அரிசிதான். அதை இரண்டு பையாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் திருநீர்மலைப் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். தினமும் மலைக்குப் போய்வந்த அரிசியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துச் சாப்பிட்டோம்.

அவரும் கூடவே வந்தார். உன் இஷ்டம் என்றவர் எதற்காக ஐந்து மணிக்கு எழுந்து வண்டியை எடுக்கிறார் என்று புரியவில்லை. கேட்டால், இருட்டில் தனியாகப் போகாதே என்றார். லாவோஸ் இருட்டு பரவாயில்லை போலிருக்கிறது. ஆனால் படி ஏறமாட்டார். சிவந்த கண்ணோடு தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் பாதி இறங்கும்போது உள்ளே ஒரு பை அவிழ்ந்து, அரிசி முதுகோரமாகக் கொட்டிக்கொண்டே வந்தது. கீழே துளசி மாலை விற்கும் அம்மா ஓடிவந்து கையில் அள்ளினார். "இன்னாமா, அரிசி வேண்டுதலா? யாருக்காவ?" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. தண்ணீர் அங்கே இருக்கிறது என்பதற்காக என் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன். அந்தம்மா அவரை நன்றாகப் பார்த்தார். அவர் கண்களைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் அவருக்கு ஒரு கொத்து துளசி இலவசமாகக் கிடைத்தது. நல்ல மனுஷி என்றுதான் நினைத்தோம்.

பத்து நாள் கழித்து, மலையடிவாரத்தில் வண்டி நிறுத்தும் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் என் வீட்டுக்காரரின் எலக்ட்ரிக்கல் கடைக்கு பல்பு வாங்க வந்தார். பல்பை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றவர், "தப்பா நினைச்சிக்காதண்ணா. அந்த அக்கா தெனம் அரிசி மூட்டைய தூக்கினு மலை ஏறுது. பார்க்கவே பேஜாரா கீது. குடிய வுட்டுடுண்ணா" என்றாராம்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் இதைச் சொன்னதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேக்கில் ரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கையை நீட்டுகிற மனுஷர் அவர். நாளைக்கே அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம், விடு" என்றார்.

மறுநாள் நான் இறங்கிவந்தபோது அந்தம்மா அவரிடமே நேராகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாப்பா, வுட்டுட்டியா?"

"விட்டுட்டேம்மா. இனிமே தொடமாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், கையைக் கூப்பிக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தள்ளி அழைத்துப்போய், "எதுக்கு இந்தப் பொய்? நாளைக்கு கடைப்பக்கம் யாராவது மதிப்பாங்களா?" என்றேன்.

"உண்மையைச் சொன்னா உன்னைப் பேசுவாங்க. புருஷனை விட்டுட்டு ஊர் சுத்தப் போறா பாருன்னு. அதுக்கு என்னைப் பேசிட்டுப் போகட்டும்."

"அப்போ நான் போறதுல உங்களுக்குச் சம்மதம்தானா?"

கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். "இல்லை" என்றார். "ஒருநாள்கூட பிடிக்கலை. என் கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு நினைச்சே? ராத்திரி தூக்கமே வரலை. நீ அங்கே எங்கேயாவது தொலைஞ்சு போயிட்டா நான் எந்த பாஷையில போய்த் தேடுவேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "ஆனா போகாதேன்னு சொல்லமாட்டேன். சொன்னா நீ நின்னுடுவே. அது எனக்குத் தெரியும்" என்றார்.

பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். துளசிக்கார அம்மா ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார். பாதி அது உண்மையும்கூட.

அன்று சாயங்காலம் போனை எடுத்து ஹனோய்க்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். போகிற டிக்கெட் மட்டும் போதும், எந்த ஊரிலிருந்து என்றைக்குத் திரும்புவேன் என்று இப்போதே சொல்ல முடியாது, எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கடைக் கல்லாப் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வர்ற டிக்கெட் என் செலவு. அதையும் இப்பவே போட்டுடு."

எந்தத் தேதிக்கு என்று கேட்டேன். எழுந்துபோய் காலண்டரில் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னார். நான் மனசில் வைத்திருந்ததைவிட ஒன்பது நாள் முன்னதாக இருந்தது. அதையே போட்டேன்.